குறைக்க ஏலாத ஏழு வருடமும் என் நற்சான்றிதழும்

எனக்குச் சமாதான நீதவான் பதவி கிடைத்த கடிதத்தை வாசித்துக் காட்டியதும் என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சமாதானமும் உம்மட்ட இல்லை, நீதியும் உம்மட்ட இல்லை. எதைப் பாத்துக் குடுத்தவங்கள்?" என்று கேட்டார். முப்பது வருடம் துறைமுகக் கந்தோரில் லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். என் மேசையிலிருந்து போன கடிதம் ஒன்றாவது பிழை என்று திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. இந்தக் கதை நடந்ததற்கும் அதுதான் காரணம்.

எங்கள் நாட்டில் சமாதான நீதவானுக்குச் சமாதானம் செய்து வைக்கும் வேலை கிடையாது. பிறப்புச் சான்றிதழின் போட்டோப் பிரதியில் முத்திரை குத்துவது, சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைப்பது, வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போகிறவர்களுக்கு நற்சான்றிதழ் எழுதுவது, இவ்வளவுதான். நற்சான்றிதழுக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. 'மேற்படி நபரை நான் பல வருடங்களாகத் தனிப்பட்ட முறையில் அறிவேன். இவர் நல்லொழுக்கமும் நேர்மையும் உள்ளவர்.' கேற்றைத் திறந்து, எங்கள் நாயைச் சமாளித்து, விறாந்தைக் கதிரையில் வந்து உட்காரும் நேரம்தான் அந்தப் பல வருடங்கள். எழுதுகிறவருக்கும் அது தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும், வாசிக்கிறவருக்கும் தெரியும். யாரும் கோபிப்பதில்லை.

ஆனால் கடித உறை விஷயத்தில் நான் வெகு கண்டிப்பு. ஒருமுறை நான் ஒருவருக்கு எழுதிய சான்றிதழில் அவருடைய தம்பி தன் பெயரைத் திருத்திப் போட்டுக்கொண்டு கட்டாருக்கே போய்விட்டான். அன்றிலிருந்து நீதிமன்றத்துக்கோ கந்தோருக்கோ போகிற கடிதத்தை நானே உறையிலிட்டு, பசை பூசி ஒட்டி, ஒட்டின விளிம்பின் மேல் முத்திரையைப் பாதி அங்கும் பாதி இங்குமாகக் குத்தி, அதற்குக் குறுக்கே கையெழுத்தும் வைத்துத்தான் கொடுப்பேன். உறையைத் திறந்தால் தெரிந்துவிடும். கொண்டுபோகிறவர்கூட உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது. இதைப் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உட்துறைமுக வீதி ஓட்டோத் தரிப்பிடத்தில் நிற்கிற ஒருவர்தான் எங்கள் வீட்டுக்கு வாடிக்கை. நாற்பதைத் தாண்டியவர், மெலிந்த ஆள், கதை குறைவு. இளவயதில் வேறொரு மாவட்டத்தில் கேரளக் கஞ்சாவோடு பிடிபட்டு மறியலுக்கு, அதுதான் சிறைக்கு, போய் வந்தவர். இது தரிப்பிடத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வந்தபிறகு எட்டு வருடமாக ஓட்டோவின் கைபிடியைத் தவிர வேறு எதையும் அவர் பிடித்ததில்லை.

அவரை நான் மதிக்கத் தொடங்கியது என் கணவருடைய பல்லால். கணவருக்குப் புதிதாக மேல்வரிசைப் பல் கட்டிய அன்று, அது முரசில், ஈறுச் சதையில், கடிக்கிறது என்று ஓட்டோவிலேயே கழற்றி, கைலேஞ்சியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தவர், இறங்கும்போது மறந்துவிட்டார். அடுத்ததாக ஏறி, கப்பல்துறைக் கிராமத்துச் சந்தியில் இறங்கிய பெண்மணி ஒருவர் அதைத் தன்னுடைய வெற்றிலைச் சுருள் என்று எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நாங்கள் தொலைபேசியில் சொன்னதும் அந்த மனிதர் இருந்த சவாரியையும் விட்டுவிட்டுக் கப்பல்துறைக்குப் போய், பெண்மணியின் வீடு தெரியாமல், வீடு வீடாக நின்று "உங்கட வீட்டுக்குப் பல்லுச் செட் ஒண்டு வந்ததோ?" என்று விசாரித்திருக்கிறார். இரண்டு இடத்தில் நாயை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். மத்தியானம் பல்லோடு வந்து நின்றார், கூலி கொடுத்தால் வாங்கமாட்டேன் என்றார். என் கணவர் நன்றி சொல்ல வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது.

அப்படிப்பட்டவர்தான் போன வருடம் சீனக்குடாப் பக்கம் பொலிஸ் சோதனையில் ஒரு சாக்கோடு பிடிபட்டார். முதல் தடவை மறியலில் இருந்தபோது அவருடைய வீட்டுக் கூரையைப் போட்டுக்கொடுத்து, மனைவிக்கு அரிசி பருப்பு இறக்கிக்கொடுத்த ஒரு ஆள் இருந்தார். எட்டு வருடம் ஒன்றும் கேட்காத அந்த ஆள், ஒருநாள் வந்து ஒரு சாக்கை ஓரிடத்தில் இறக்கிவிடச் சொல்லியிருக்கிறார். இவருக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பொலிஸ்காரர் "இதுக்குள்ள என்ன?" என்று கேட்டதற்கு, "உங்களுக்கு மணக்கேல்லையோ சேர்?" என்று கேட்டிருக்கிறார். அதற்குமேல் விசாரிக்க அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

வழக்கில் இருந்த சிக்கலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு அது தெரியாது. முதற்தடவை என்றால் நீதிபதி ஆளைப் பார்த்து, குடும்பத்தைப் பார்த்து, தண்டனையைக் குறைக்கலாம், ஒத்தியும் வைக்கலாம். அதே குற்றத்துக்கு இரண்டாந்தரம் வந்தால், இவர் வைத்திருந்த அளவுக்குக் குறைந்தது ஏழு வருடம். நீதிபதியே நினைத்தாலும் அதற்குக் கீழே இறங்க ஏலாது. ஆனால் பழைய வழக்கு வேறு மாவட்டத்தில், முதலெழுத்து மாறின பெயரில் நடந்தது. குற்றப்பத்திரிகையில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. இவருடைய சட்டத்தரணி அதை வாசித்துவிட்டு மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "பழைய கதையை ஒருத்தரிட்டயும் எடுக்கக்கூடாது. வாயைத் திறக்காமல் இருந்தாக் காணும், மனுசன் வீட்டுக்கு வந்திடுவார்" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் அதை அப்படியே கடைப்பிடித்தாள். என்னிடமும் வாயைத் திறக்கவில்லை.

சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவள் அவள். புருஷனுக்கு மாறாக, கதை என்றால் விடாமல் கதைப்பாள். ஒருநாள் காலை பெரிய கோப்பு ஒன்றோடு என் விறாந்தையில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் ஒருவர் வழக்கென்று கோட்டுக்குப் போனால் உறவினர் செய்கிற முதல் காரியம் கடிதம் சேர்ப்பதுதான். கோயில் தர்மகர்த்தா சபை, கிராம உத்தியோகத்தர், மீனவர் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று ஒருவரையும் விடமாட்டார்கள். கோப்பு எவ்வளவு மொத்தமோ அவ்வளவுக்குத் தண்டனை குறையும் என்பது பொது நம்பிக்கை.

"பதினொரு கடிதம் சேர்த்திட்டன் மிஸ்," என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். வாசிக்க வாசிக்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மரண உதவிச் சங்கம், 'அங்கத்தவர் ஒருவருடைய செத்தவீட்டையும் இவர் தவறவிட்டதில்லை, எல்லா மரணங்களிலும் உற்சாகமாகப் பங்குபற்றுவார்' என்று எழுதியிருந்தது. கோயில்காரர், தேர்வடம் இழுப்பதில் இவருக்கு நிகர் இல்லை என்றிருந்தார்கள். கிண்ணியாவிலிருந்து ஓட்டோ உதிரிப்பாகக் கடை முதலாளி ஒருவர், 'இவர் நோன்பு காலத்தில் என் கடைக்கு முன்னால் ஒருநாளும் பீடி பிடித்ததில்லை' என்று உறுதிப்படுத்தியிருந்தார். இருந்ததில் அதுதான் திறமான கடிதம். விளையாட்டுக் கழகத்தின் கடிதத்தில் கையெழுத்து மட்டும் இருந்தது, மேற்பாதியைக் காணவில்லை.

"இதுக்கு என்ன நடந்தது?"

"மான் திண்டிட்டுது மிஸ். கோட்டுக்கு முன்னால பையை வைச்சிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனனான்."

திருகோணமலை வீதிகளில் மாடுகள்போலத் திரிகிற மான்களுக்குக் கடதாசி என்றால் உயிர். அந்த மான் இரண்டு கிழமை பொறுத்து வந்து என் கடிதத்தைத் தின்றிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன்.

"பிள்ளை, இதெல்லாம் குப்பை," என்றேன். "நான் எழுதித் தாறன். நீர் போய் நாளைக்கு வாரும்."

"நல்லா எழுதுங்கோ மிஸ். உங்கட கடிதத்தைத்தான் ஜட்ஜ் ஐயா பெரிசா எடுப்பாராம், லோயர் சொன்னவர்."

இப்படிச் சொன்னால் என்னைக் கையில் பிடிக்க முடியுமா? அன்று பகல் குசினிப் பக்கமே போகாமல் எழுதினேன். வாய்பாட்டை எடுத்து எறிந்தேன். பல வருடங்களாக அறிவேன் என்று நான் உண்மையாகவே எழுதக்கூடிய ஒரு மனிதர் கடைசியில் கிடைத்திருக்கிறார், அவரைச் சும்மா நல்லவர் என்று எழுதி முடித்தால் என் முப்பது வருட அனுபவம் எதற்கு? மனிதர் விழுந்த இடத்தைச் சொல்லாமல் எழுந்ததை எப்படிச் சொல்வது? ஆகவே இப்படித் தொடங்கினேன்: 'இதே குற்றத்துக்காக முன்னர் சிறை சென்று மீண்ட நாள் தொடக்கம், இவர் முற்றிலும் புதிய மனிதராக வாழ்ந்ததை நான் என் கண்ணால் கண்டேன்.' அதற்குப்பிறகு பல்லுக் கதை ஒன்றரைப் பக்கம்.

கணவரிடம் வாசித்துக் காட்டினேன். பழைய சிறைக்கதையை அவர் கவனிக்கவில்லை. அவருடைய கவலை வேறு.

"என்ர பல்லை ஏனப்பா கோட்டுக்குக் கொண்டுபோறீர்?"

"உங்கட பல்லாலதான் அந்த மனுசன் வெளியில வரப்போறார். பேசாமல் இருங்கோ."

உறையிலிட்டு, ஒட்டி, முத்திரை குத்தி, குறுக்கே கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். சட்டத்தரணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பந்தோபஸ்தான கடிதத்தை நான் உடைத்தால் ஐயா என்னவும் நினைப்பார் என்று அப்படியே கோப்பின் மேலே வைத்திருக்கிறார்.

வழக்கு எடுக்கிற தவணை நாளில் என்னுடைய நாவல் நிறப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு போய் முன்வாங்கில் உட்கார்ந்தேன். அந்த மனிதர் கூண்டில் நின்று, கேட்ட கேள்விக்கு "குற்றவாளிதான் ஐயா" என்றார். சட்டத்தரணி எழுந்து, வறுமை, ஒரே ஒரு பெண்பிள்ளை, ஊரில் நல்ல பெயர் என்று சொல்லிக்கொண்டு வந்து, கோப்பை நீட்டி, "குறிப்பாக முதலாவதாக உள்ள சமாதான நீதவானின் கடிதத்தைக் கனம் நீதிபதி அவர்கள் கவனத்தில் எடுக்கவேண்டும்" என்றார். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

நீதிபதி உறையை வெட்டித் திறக்கவே கொஞ்ச நேரம் எடுத்தது, பசை அப்படி. மௌனமாக வாசித்தார். முகத்தில் ஒரு மாற்றம். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு ஒரு பகுதியைச் சத்தமாக வாசித்தார். 'உங்கட வீட்டுக்குப் பல்லுச் செட் ஒண்டு வந்ததோ' என்ற இடத்தில் கோட்டு மண்டபமே சிரித்தது. கோட்டு மொழிபெயர்ப்பாளரான முதலியார் சிரித்தார், பொலிஸ்காரர் சிரித்தார், கூண்டுக்குள் நின்றவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். என் கணவர் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு வாங்குக்குக் கீழே போகப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கியதும் நீதிபதி, "இதை எழுதினவர் இங்கே இருக்கிறாரா?" என்று கேட்டார்.

பரிசு வாங்கப் போகிறவள்போல எழுந்து நின்றேன். "ஓம் ஐயா, நான்தான்."

"முன்னர் சிறை சென்று என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன?"

சட்டத்தரணி சட்டென்று திரும்பினார். அவருடைய கண் முழி பிதுங்கியதைப் பார்த்தேன். என்னுடைய எழுத்தைக் கண்டு வியக்கிறார் என்றே நினைத்தேன், சத்தியமாக.

"இதே கேரளக் கஞ்சாதான் ஐயா," என்றேன், கடைசி வாங்குக்கும் கேட்கிற மாதிரி. "இதைவிடக் கூட. அந்த ஆளா இந்த ஆள் எண்டு நீங்கள் நம்பமாட்டீங்கள்."

அரச சட்டத்தரணி மெதுவாக எழுந்து, இந்த விடயத்தைச் சரிபார்க்கத் தவணை வேண்டும் என்று கேட்டார். இரண்டு கிழமை கொடுத்தார்கள். கூண்டில் நின்றவருடைய மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததைக் கண்டபோதுதான் எனக்கு ஏதோ ஒன்று உறைக்கத் தொடங்கியது.

வெளியே மரத்தடியில் சட்டத்தரணி எனக்கு விளங்கப்படுத்தினார். படித்த மனிதர், என்னைவிட இளையவர், சத்தம் போட ஏலாமல் கழுத்து நரம்பு புடைக்க மெல்லிய குரலில் சொன்னார். ஏழு வருடம் என்ற சொல்லை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். அப்படியே மான்களுக்கு நடுவே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன், பட்டுச் சேலையோடு.

"நான் அடுத்த தவணைக்கு வந்து ஆள் மாறாட்டம் எண்டு சொல்லுறன்," என்றேன். "வேற ஒரு ஓட்டோக்காரரை நினைச்சு எழுதிப்போட்டன் எண்டு சத்தியம் பண்ணுறன்."

"மிஸ்," என்றார் அவர், கையெடுத்துக் கும்பிட்டபடி. "நீங்கள் இனி ஒரு உதவியும் செய்யாதேங்கோ."

நான் கேட்கவில்லை. வாழ்நாளில் பொய்ச் சத்தியம் செய்யாத நான் இரண்டு கிழமையும் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். "ஐயா, எனக்கு மறதி வருத்தம்" என்று ஒருவிதமாகவும், "ஐயா, எனக்குக் கண் பார்வை குறைவு" என்று இன்னொரு விதமாகவும் சொல்லிப் பார்த்தேன். கணவர் நீதிபதியாக இருந்து குறுக்குக் கேள்வி கேட்டார். மூன்றாவது கேள்வியிலேயே ஒவ்வொரு நாளும் பிடிபட்டேன்.

"உமக்குப் பொய் வராதப்பா," என்றார் அவர். "வீட்டில சொல்லுறது வேற."

ஓட்டோக்காரருடைய மனைவி ஒருநாள் வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ, "பிழை என்னில மிஸ். உங்களிட்டயாவது வாயைத் திறந்திருக்கவேணும்" என்று அழுதாள். பிழை என்னுடையது என்று நான் சொன்னேன். இல்லை என்னுடையது என்று அவள் சொன்னாள். விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனமில்லை. குரல் ஏறிக்கொண்டே போய், கடைசியில் பக்கத்து வீட்டார் நாங்கள் உண்மையாகவே சண்டை பிடிக்கிறோம் என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த தவணைக்கு இரண்டு பொய்யையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு போனேன். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பழைய வழக்கின் பதிவு கைரேகையோடு வந்து சேர்ந்திருந்தது. அரச சட்டத்தரணி அதை நீட்டினார், ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

நீதிபதி என்னுடைய கடிதத்தை இன்னொருதரம் கையில் எடுத்தார். "இதில் எழுதியிருப்பதை நான் நம்புகிறேன்," என்றார். "எட்டு வருடம் இந்த மனிதர் ஒழுங்காக வாழ்ந்திருக்கிறார் என்று நம்புகிறேன். முதற்தடவை என்றால் நான் இவரை இன்று வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இரண்டாந்தரம் என்று தெரிந்தபிறகு, இதற்குக் கீழே போகச் சட்டம் எனக்கு இடம் வைக்கவில்லை." இதைச் சொல்லும்போது அவர் கூண்டைப் பார்க்கவில்லை, கடிதத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். ஏழு வருடம் என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. அவர் நல்லவர் என்று சொல்லத்தான் நான் எழுதினேன், நல்லவர் என்று நீதிபதியும் சொல்லிவிட்டார், அதற்குப் பிறகும் ஏழு வருடம் அப்படியே நிற்கிறது. கந்தோரில்கூட, ஒரு விண்ணப்பத்தை நிராகரிக்கிறதென்றால் யாராவது ஒருவர் அதை யோசித்து நிராகரிப்பார். இங்கே யோசித்த மனிதருக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் இருந்த சட்டத்துக்கு இந்த மனிதரைத் தெரியாது.

வெளியே சிறைச்சாலை வான் நின்றது. மனைவி சவர்க்காரமும் துவாயும் கட்டிய பையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கைவிலங்கோடு நின்றவருக்கு முன்னால் போய் நின்றேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. அவர்தான் முதலில் கதைத்தார்.

"மிஸ், ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கோ தம்பி."

"அந்தக் கடிதத்தில இருந்ததெல்லாம் நீங்கள் உண்மையா நினைச்சு எழுதினதோ, இல்லாட்டி வழக்குக்கெண்டு எழுதினதோ?"

"உண்மையா நினைச்சுத்தான் எழுதினனான்."

"எல்லாமோ?"

"எல்லாம்."

"ஐயா வாசிக்கேக்க வேற ஆரையோ பற்றி எண்டு நினைச்சனான் மிஸ். என்னைப் பற்றி அப்பிடி ஒருத்தரும் சொன்னதில்லை." பிறகு என் கணவரைப் பார்த்து, "பல்லு இப்ப கடிக்கிறேல்லையே ஐயா?" என்று கேட்டார். என் கணவர் இல்லை என்று தலையாட்டினார். கடிக்கிறதுதான்.

காவலாளி கூப்பிட்டதும் அவர் ஏறினார். கதவைப் பூட்டினார்கள். நான் நடுவீதியில் நின்று வாய்விட்டு அழுதேன், அவருடைய மனைவிதான் என் கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு நாங்கள் வேறு ஒருவருடைய ஓட்டோவில் போனோம்.